பீக்கிங்கில் ஏறிய கோடு

எடைக்கு ஒரு மாத்திரை: அத்தியாயம் 9

1923ஆம் ஆண்டு. பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரி. மாணவர்களுக்கான செய்முறை வகுப்பு முடிந்திருந்தது. அதற்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய் ஒன்று இன்னும் மேசைமேல் கிடந்தது. அமெரிக்காவில் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த கே.கே. சென் என்ற இளம் ஆய்வாளருக்கு அந்த நாயை வீணாக்க மனமில்லை. சீன வைத்தியம் அறிந்த உறவினர் ஒருவர் அவரிடம் ஒரு மூலிகையைப் பற்றிச் சொல்லியிருந்தார். அதைக் கஷாயமாக்கி நாயின் ரத்த நாளத்தில் ஏற்றினார் சென். அமெரிக்கரான கார்ல் ஷ்மிட் உடன் இருந்தார்.

ரத்த அழுத்தம் ஏறியது. ஏறியது சட்டென்று இறங்கவும் இல்லை. இதயம் வேகமெடுத்தது, ரத்த நாளங்கள் சுருங்கின. ரத்த அழுத்தத்தைக் கோடாகக் கீறும் கருவிகள்தான் அந்நாளைய ஆய்வகங்களின் கண். அந்தக் கோடு மேல்நோக்கிப் போனது.

இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில், இந்தக் கோடு ஏற்கெனவே சொல்லிவிட்டதையே மறுபடியும் நிரூபித்துக் காட்டு என்று ஓர் அரசாங்கத்தைக் கேட்கப்போகிறார்கள். இம்முறை மேசைமேல் கிடக்கப்போவது மனிதர்கள்.

சென்ற வாரம், எடை குறைக்க விற்கப்பட்ட வானவில் மாத்திரைகளின் காலத்தைப் பார்த்தோம். எடை அதிகமே இல்லாத சூசன்னா மெக்பீ என்ற செய்தியாளர் பத்து மருத்துவர்களிடம் போய்வந்து, 1,479 மாத்திரைகள் கிடைத்ததாக 1968இல் 'லைஃப்' இதழில் எழுதிய கதை அது. அதன்பின் அமெரிக்க அரசு, அந்த மாத்திரைகளில் இருந்த ஊக்கப்பொருளான ஆம்ஃபெட்டமினுக்குக் கடிவாளம் போட்டது. கடை மூடப்பட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பின்வாசல் வழியாகத் திரும்பி வந்த கதைதான் இந்த வாரம்.

துடைப்பக் குச்சி போல ஒரு செடி

சென் கஷாயம் வைத்த மூலிகையின் பெயர் மா ஹுவாங். தாவரவியலில் எஃபிட்ரா. இலை இருப்பதே தெரியாது. கூர்ந்து பார்த்தால் பச்சை நிறத் துடைப்பக் குச்சிகளைக் கொத்தாக நட்டுவைத்தது போலிருக்கும். வறண்ட நிலத்துச் செடி. சீன வைத்தியர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாக இளைப்புக்கும் சளிக்காய்ச்சலுக்கும் கொடுத்துவந்தார்கள். வேறு மூலிகைகளோடு சேர்த்து, நோயாளியைப் பார்த்து, சில நாட்களுக்கு மட்டும். உடம்பை மெலிய வைக்க யாரும் இதைத் தேடிப் போனதில்லை.

செடிக்குள் இருக்கும் வேதிப்பொருளை 1885இல் பிரித்தெடுத்தவர் ஜப்பானின் நாகாய் நாகயோஷி. அதுதான் எஃபிட்ரின். சென்னும் ஷ்மிட்டும் 1924இல் தங்கள் ஆய்வை வெளியிட்ட பிறகு மேற்குலகம் அதைக் கண்டுகொண்டது. எலி லில்லி நிறுவனம் அதை ஆஸ்துமா மருந்தாக விற்கத் தொடங்கியது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் நல்ல மருந்துதான். செடியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று அதற்கு மாற்றாக ஒரு செயற்கைப் பொருளைத் தேடிப் போனவர் கோர்டன் ஆலஸ். அவர் கையில் சிக்கியது ஆம்ஃபெட்டமின். இத்தொடரின் முந்தைய அத்தியாயங்களில் நாம் பார்த்த அத்தனை ஊக்க மாத்திரைகளுக்கும் தாய்வீடு இந்தத் துடைப்பக் குச்சிதான்.

எஃபிட்ரின் உள்ளே போனால் என்ன நடக்கிறது? துரத்தும் நாயைக் கண்டு நாம் ஓடும்போது நரம்பு முனைகளில் சுரக்கும் நார்அட்ரினலினை, நாயே இல்லாமல் சுரக்க வைக்கிறது. இதயம் அடித்துக்கொள்கிறது. பசி மறந்துபோகிறது. உடம்பு உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் கூடுதலாக எரிகிறது. கூடவே காஃபினையும் சேர்த்தால், இந்தப் பதற்றத்தைத் தணிக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடுகளும் தளர்ந்துவிடும். ஒன்று ஆக்சிலேட்டரை மிதிக்கிறது, இன்னொன்று பிரேக்கைப் பிடிக்கவிடாமல் செய்கிறது.

இந்த ஜோடியின் எடை குறைக்கும் குணம் தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1972இல் டென்மார்க்கின் எல்சினோர் நகரில் (ஹாம்லெட்டின் கோட்டை இருக்கும் அதே ஊர்) ஒரு மருத்துவர், ஆஸ்துமா நோயாளிக்கு எஃபிட்ரினும் காஃபினும் ஃபீனோபார்பிட்டாலும் கலந்த மருந்தைக் கொடுத்தார். நோயாளி மெலிந்தார். செய்தி பரவியது. 'எல்சினோர் மாத்திரை' என்று பெயரே வந்துவிட்டது. பிறகு டேனிஷ் ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்து, 20 மில்லிகிராம் எஃபிட்ரினும் 200 மில்லிகிராம் காஃபினும் சேர்ந்த மருந்தை உருவாக்கினார்கள். டென்மார்க்கில் அதை மருத்துவரின் சீட்டோடுதான் வாங்க முடிந்தது.

அட்லாண்டிக்கைக் கடந்தபோது அந்தச் சீட்டு கடலில் விழுந்துவிட்டது.

வைட்டமின் சி-க்காக ஒரு ரெய்டு

1993இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. ஆயுதம் தாங்கிய அரசு ஆட்கள் இரவில் ஒரு வீட்டுக்குள் புகுகிறார்கள். வீட்டுக்காரர் ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன். கைகளைத் தூக்கி நிற்கிறார். அவரிடம் பிடிபட்டது வைட்டமின் சி! அரசாங்கம் உங்கள் வைட்டமினைப் பறிக்க வருகிறது, விட்டுவிடாதீர்கள் என்பதுதான் செய்தி. மக்கள் நாடாளுமன்றத்துக்குக் கடிதங்களைக் கொட்டினார்கள்.

உண்மையில் எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு, மருந்து நிர்வாகம் கேட்டது, சத்துமாத்திரைக்காரர்கள் தங்கள் டப்பாமேல் எழுதும் வாக்குறுதிகளுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பதைத்தான். ஆனால் விளம்பரம் வென்றது. யூட்டா மாநிலம் சத்துமாத்திரைக் கம்பெனிகள் நிறைந்த மாநிலம். அதன் செனட்டர் ஆரின் ஹேட்ச், அயோவாவின் டாம் ஹார்க்கினோடு சேர்ந்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். 1994 அக்டோபர் 25 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டார்.

துணை உணவுப் பொருட்களுக்கான அந்தச் சட்டத்தின் சாரம் இதுதான். மூலிகை, வைட்டமின் முதலான துணை உணவுகள் மருந்துகள் அல்ல, உணவு வகை. எனவே, விற்பதற்கு முன் அவை பாதுகாப்பானவை என்று யாரிடமும் நிரூபிக்கத் தேவையில்லை. ஒரு பொருளை நிறுத்த வேண்டுமென்றால், அது ஆபத்தானது என்பதை எஃப்.டி.ஏ.தான் நிரூபிக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆனால் அதை அரசுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது கம்பெனிக்கு இருக்கவில்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களை இன்னொரு முறை படியுங்கள். ஆபத்தை நிரூபிக்க வேண்டியது அரசு. நிரூபிக்கத் தேவையான புகார்க் கடிதங்கள் கம்பெனியின் அலமாரியில். அலமாரியின் சாவியும் கம்பெனியிடமே.

ஆய்வகத்தில் தயாரான எஃபிட்ரின் ஒரு மருந்து. அதே எஃபிட்ரின், செடியின் சாறாக வந்தால் உணவு! இந்தச் சந்து வழியாகத்தான் ஒரு பெருஞ்சந்தை உள்ளே நுழைந்தது.

356 என்ற எண்

சான்டியாகோவில் மைக்கேல் எல்லிஸ் என்ற முன்னாள் போலீஸ்காரர் நிறுவிய மெட்டபோலைஃப் இன்டர்நேஷனல், இந்தச் சந்தையின் ராஜா. அதன் புகழ்பெற்ற தயாரிப்பு மெட்டபோலைஃப் 356. ஒரு மாத்திரையில் 12 மில்லிகிராம் எஃபிட்ரின், 40 மில்லிகிராம் காஃபின். ஆனால் இதுபோன்ற டப்பாக்களின் முகப்பில் இந்தப் பெயர்கள் பெரிதாக இருக்காது. மா ஹுவாங் என்றிருக்கும், குவாரனா என்றிருக்கும். ஒன்று சீனத்து மூலிகை, இன்னொன்று அமேசான் காட்டு விதை. குவாரனாவின் வேலை முழுக்கக் காஃபினின் வேலை என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, 'இயற்கை' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்குத்தான் மக்கள் காசு கொடுத்தார்கள்.

டப்பாவில் எழுதியிருப்பதாவது உள்ளே இருந்ததா? ஆர்கன்சாவில் ஆய்வாளர்கள் கடைகளிலிருந்து 20 எஃபிட்ரா தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். பாதித் தயாரிப்புகளில், அளவே குறிப்பிடப்படவில்லை அல்லது குறிப்பிட்ட அளவுக்கும் உண்மை அளவுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஒரே கம்பெனியின் ஒரே மாத்திரை, இந்த மாதம் வாங்கினால் ஒரு வீரியம், அடுத்த மாதம் வாங்கினால் வேறொரு வீரியம்.

விழுந்தவர்களைப் பற்றிய செய்திகள் சீக்கிரமே வரத் தொடங்கின. 1996 வசந்த விடுமுறையில், ஃபுளோரிடா கடற்கரைக்குப் போன ஒரு கல்லூரி மாணவர் எஃபிட்ரா மாத்திரைகளை விழுங்கி இறந்துபோனார். 20 வயது. அடுத்த ஆண்டுக்குள் எஃப்.டி.ஏ.விடம் 800க்கும் மேற்பட்ட புகார்கள் சேர்ந்திருந்தன. ஒரு வேளைக்கு 8 மில்லிகிராமுக்குள், ஒரு நாளைக்கு 24 மில்லிகிராமுக்குள், ஏழு நாட்களுக்கு மேல் கூடாது, காஃபினோடு கலக்கவே கூடாது என்று 1997இல் ஒரு வரைவு விதி போட்டது எஃப்.டி.ஏ.

கம்பெனிகள் கொதித்தன. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1999இல் ஓர் அறிக்கை கொடுத்தது. எஃப்.டி.ஏ.வின் கவலை நியாயமானதுதான், ஆனால் 8 மில்லிகிராம், ஏழு நாள் என்ற கணக்குகளுக்கு ஆதாரம் போதாது என்றது. அளவைப் பற்றிய விதிகளை எஃப்.டி.ஏ. 2000இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆதாரம் ஏன் போதவில்லை? புகார்கள் அலமாரிக்குள் இருந்தன, அதனால்.

கடுமையான பாதிப்பு என்று ஒரு வாடிக்கையாளரும் புகார் சொன்னதில்லை என்று எஃப்.டி.ஏ.விடம் சாதித்துவந்தது மெட்டபோலைஃப். 2002இல் அரசின் நெருக்கடி முற்றியதும் அலமாரி திறந்தது. 13,000க்கும் மேற்பட்ட புகார்கள் வெளியே வந்தன. தலைவலி, தூக்கமின்மை என்பவற்றோடு மாரடைப்பு, பக்கவாதம், வலிப்பு, மரணம் எல்லாம் அதில் இருந்தன. எஃப்.டி.ஏ.விடம் பொய் சொன்னதை எல்லிஸ் பின்னாளில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இதற்கிடையே கலிஃபோர்னியாவின் இரண்டு மருத்துவர்கள், கிறிஸ்டீன் ஹாலரும் நீல் பெனோவிட்சும், எஃப்.டி.ஏ.விடம் இருந்த 140 புகார்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள். 2000 டிசம்பரில் அவர்களின் கட்டுரை வெளியானது. 31 சதவீதப் புகார்களில் எஃபிட்ராவின் பங்கு உறுதி அல்லது பெரும்பாலும் உறுதி. இன்னொரு 31 சதவீதத்தில் இருக்கக்கூடும். பத்துப் பேர் இறந்திருந்தார்கள். பதின்மூன்று பேருக்கு நிரந்தர ஊனம். எல்லாவற்றிலும் அதிகம் காணப்பட்ட பாதிப்பு எது தெரியுமா?

ரத்த அழுத்தம் ஏறியது.

பீக்கிங் நாயிடம் 77 ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே கோடு.

ஃபோர்ட் லாடர்டேல் மைதானம்

இவ்வளவும் நடந்த பிறகும் மாத்திரை பெட்ரோல் பங்கில்கூடக் கிடைத்தது. 2002 செப்டம்பரில் இல்லினாய் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் கால்பந்து ஆடும் 16 வயதுப் பள்ளி மாணவன் எஃபிட்ரா மாத்திரை சாப்பிட்டுவந்த நிலையில் மாரடைப்பில் இறந்தான். அமெரிக்கா முழுவதையும் உலுக்கிய மரணம் அதற்கு ஐந்து மாதம் கழித்து வந்தது.

ஸ்டீவ் பெக்லர், பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர். வயது 23. முந்தைய செப்டம்பரில்தான் பெரிய லீக்கில் மூன்று ஆட்டங்கள் ஆடியிருந்தார். அணியில் இடம் நிலைக்க வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்தார். 2003 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் பயிற்சி முகாம். பெக்லர் எடை கூடி வந்திருந்தார், சுமார் 108 கிலோ. குறைக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டார். எஃபிட்ரா கலந்த செனட்ரின் மாத்திரையும் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 16. ஓட்டப் பயிற்சி. பாதியிலேயே முகம் வெளுத்து, தள்ளாடி விழுந்தார். மருத்துவமனையில் அவருடைய உடல் வெப்பம் 108 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது. 102 வந்தாலே நாம் ஈரத்துணியைத் தேடுவோம். 108இல் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. மறுநாள் காலை பெக்லர் இறந்தார். உடைமாற்றும் அறையில் அவர் அலமாரியில் மாத்திரைக் குப்பி இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் பிறந்தாள்.

பிரேதப் பரிசோதனை செய்த ஜோஷுவா பெர்ப்பர் பழியை ஒன்றின்மேல் மட்டும் போடவில்லை. அதிக எடை, ஏற்கெனவே இருந்த உயர் ரத்த அழுத்தம், கல்லீரல் கோளாறு, வெயிலுக்குப் பழகாத உடம்பு, வயிறு நிறையச் சாப்பிடாதது ஆகியவற்றோடு எஃபிட்ராவும் சேர்ந்து கொன்றது என்றார். கம்பெனிகளின் வக்கீல்கள் இந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை காரணம் இருக்க எங்கள் மாத்திரையை மட்டும் சொல்வானேன் என்றார்கள்.

அந்தப் பட்டியலே அவர்களுக்கு எதிரான சாட்சி என்பதுதான் என் கருத்து. எடை குறைப்பு மாத்திரையை யார் வாங்குகிறார்கள்? எடை கூடியவர்கள். அவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம் இருக்கும், பலருக்குத் தெரியாமலே இருக்கும். பட்டினியும் கிடப்பார்கள், வழக்கமில்லாத ஓட்டமும் ஓடுவார்கள். வெயிலில் ஓடும் உடம்பு, தோலுக்கு ரத்தத்தை அனுப்பி, வியர்த்து, சூட்டை வெளியேற்றும். எஃபிட்ரினோ தோலின் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. அடுப்பில் விறகைத் திணித்துவிட்டுப் புகைபோக்கியை அடைப்பது போல. யாருக்கு இந்த மாத்திரை ஆகாதோ அவருக்காகவே செய்து, அவரிடமே விற்றார்கள்.

அதே பிப்ரவரி முடிவதற்குள், அரசு கேட்டிருந்த ஓர் ஆய்வும் வந்து சேர்ந்தது. ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டிருந்தார்கள். எஃபிட்ரா எடையைக் குறைத்தது உண்மை. எவ்வளவு? வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ அதிகம். ஆறு மாதத்துக்கு மேல் என்ன ஆகும் என்று சொல்ல ஒரு சோதனையும் இல்லை. படபடப்பு, மனக்கலக்கம், வாந்தி போன்றவை வருவதற்கான வாய்ப்பு மட்டும் இரண்டு முதல் மூன்றரை மடங்கு அதிகம்.

மாதம் 900 கிராம். ஒரு தராசுத் தட்டில் அது. இன்னொரு தட்டில் என்ன இருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

தடையும் தப்பித்தலும்

2003 டிசம்பர் 30. புத்தாண்டில் எடையைக் குறைத்தே தீருவது என்று அமெரிக்கர்கள் சபதம் எடுக்கும் வாரம். அன்று சுகாதாரத் துறைச் செயலர் டாமி தாம்சன், எஃபிட்ரா தடைசெய்யப்படப்போகிறது, இப்போதே நிறுத்திவிடுங்கள் என்று அறிவித்தார். 2004 ஏப்ரல் 12 அன்று தடை நடைமுறைக்கு வந்தது. 1994 சட்டத்தின்கீழ் ஒரு துணை உணவு தடைசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. அதற்குள் எஃபிட்ராவோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்களின் எண்ணிக்கை 155 என்று செய்தித்தாள்கள் எழுதின. சீன வைத்தியர்கள் தங்கள் முறைப்படி மா ஹுவாங் கொடுப்பதற்குத் தடை இல்லை. செடியின்மேல் யாருக்கும் பகை இல்லையே.

அப்போதும் கம்பெனிகள் விடவில்லை. யூட்டாவின் ஒரு கம்பெனி வழக்குப் போட்டது. எங்கள் மாத்திரையில் 10 மில்லிகிராமுக்குக் குறைவுதான், அந்த அளவு ஆபத்து என்று அரசு நிரூபிக்கவில்லை என்றது. 2005இல் கீழ்நீதிமன்றம் ஆமாம் என்றது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளி, தடை செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்த 2007இல்தான் விஷயம் முடிந்தது. கடுமையான பாதிப்புப் புகார்களைக் கம்பெனிகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதியும் 2006இல்தான் வந்தது. அதாவது அலமாரியின் சாவியை வாங்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

தடை வந்ததும் கம்பெனிகள் கடையைச் சாத்திவிட்டுப் போனதாக நினைக்கிறீர்களா? அதே குப்பி, அதே பெயர், மேலே மட்டும் 'எஃபிட்ரா இல்லாதது' என்று ஒரு புது ஒட்டுத்தாள். உள்ளே நார்த்தை வகையைச் சேர்ந்த கசப்பு ஆரஞ்சின் சாறு வந்து உட்கார்ந்தது. அதிலுள்ள சினெஃப்ரின், எஃபிட்ரினுக்கு உறவுக்காரப் பொருள். 2006இல் இன்னொன்று வந்தது. 1940களில் மூக்கடைப்புக்காக எலி லில்லி உருவாக்கிப் பிறகு கைவிட்ட டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கப்பொருள், ஜெரேனியப் பூச்செடியின் பெயரில் மறுபிறவி எடுத்தது. அதன் கதையும், நம் சிவன் கோயில் வில்வ மரத்தில் இருக்கும் ஒரு வேதிப்பொருளை ஆலையில் தயாரித்துச் சேர்த்த மாத்திரை ஹவாய்த் தீவில் பலருடைய கல்லீரலைப் பதம்பார்த்த கதையும் அடுத்த வாரத்துக்கு.

அதற்குள், உங்கள் வீட்டில் யாராவது 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரையோ பொடியோ வைத்திருந்தால், குப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகப் போடாமல் மொத்தக் கலவைக்கு ஒரே எடை போட்டிருந்தால், அதை மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். எடுத்துக்கொண்ட பிறகு நெஞ்சு படபடத்தால், 'மருந்து வேலை செய்கிறது' என்று சந்தோஷப்படாதீர்கள். அது பீக்கிங்கில் ஏறிய கோடு.

எஃபிட்ரா போய்விட்டது. அதை உள்ளே விட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் இன்னும் அமலில் இருக்கிறது.

(தொடரும்)